மாறாத நாலு

மதுரையில் ஒரு செல்போன் கம்பெனியின் டவர்களைக் கண்காணிப்பது என் வேலை. அன்று காலை ஆனையூர் வீட்டிலிருந்து பைக்கில் கொட்டாம்பட்டிக்குப் போன அண்ணன், மதியம்வரை போனை எடுக்கவில்லை. போலீசில் சொன்னோம். அவர்கள் எங்கள் ஆபீசுக்கு எழுதிக் கேட்டார்கள். சிஸ்டத்தில் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

அண்ணனுடையது பழைய பட்டன் போன். அழைப்பு வந்தால் மணியடிக்கும் முன்னால் அது டவருக்கு ஒரு குட்டி சிக்னல் அனுப்பும். ஆக்சஸ் பர்ஸ்ட் என்போம். பேச்சைச் சுமக்கும் சாதாரண பர்ஸ்டைவிடச் சின்னது. போன் எம்புட்டு தூரத்தில் இருக்கிறதென்று டவருக்கு அப்போது தெரியாது. பிந்தி வந்தாலும் அடுத்தவர் சிக்னலில் இடிக்கக் கூடாதென்று அந்தச் சுருக்கம். எவ்வளவு பிந்தியது என்பதை வைத்து டவர் ஒரு எண் போடும். எண் ஒன்று கூடினால், தூரம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கூடும்.

நாலு என்று வந்திருந்தது.

எண் மாறுகிறதா என்று பார்க்க அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணன் நம்பருக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க அண்ணி."

"ரிங் போகுது தம்பி. எடுப்பாக."

அண்ணி கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நாலு. ஒரே டவர், அதில் ஒரே கிழக்குப் பக்க ஆன்டெனா. அண்ணன் எங்காவது சும்மா உட்கார்ந்திருந்தால் எடுத்திருப்பார். எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. டவருக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டர் சொச்சம் என்று தாளில் எழுதி எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

வெயில் இறங்குமுன் போய்விட்டோம். ரோட்டோர ஓடைக்குள் சீமைக்கருவேலத்தடியில் பைக் கிடந்தது. அண்ணன் கொஞ்சம் தள்ளிக் கிடந்தார். எஸ்.ஐ. குனிந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அண்ணன் சட்டைப்பையில் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. நான் எடுத்தேன்.

"எடுத்துட்டாக!" என்று அண்ணி யாரிடமோ கத்தினார்.

"நான்தான் அண்ணி" என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். எண்கள் வந்தன, பார்த்தேன். சாப்பிட்டாயா என்று யார் கேட்டாலும் சாப்பிட்டேன் என்றேன்.

சில மாதம் கழித்து அண்ணி கேட்டார். "அன்னைக்குக் கூப்பிடச் சொன்னீங்களே தம்பி, அவுக உயிரோட இருக்காகன்னு நெனச்சுத்தான சொன்னீங்க?"

"ஆமா அண்ணி."

சாப்பிட்டேனா என்று அண்ணி கேட்கவில்லை. உள்ளே போய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.