இருபது எழுத்துப் பிள்ளை

மண்டைதீவு அன்ரனிட்டா, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், வென்றெடுத்தவை இவை: நண்டுச் சதை எடுக்கும் பதினெட்டுப் பெண்களுக்குள் ஓடு கலக்காமல் எடுக்கிறவள் என்ற பெயர். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே கோவிலில் பாடும் நூற்றுப் பன்னிரண்டு பாட்டு. எட்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் வளர்த்து ஆளாக்கிய ஒரு ஜப்பான் பிள்ளை. கடைசியாக, ஒரு கையெழுத்து.

தாளில் இருக்கும் எழுத்துகள் அவள் கண்ணுக்கு நண்டுக்குஞ்சுகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் ஓடிவிடும். வகுப்பு சிரித்தது. அவள் வீட்டோடு நின்றுவிட்டாள்.

அண்ணன் றஜீபன் மீன் ஏற்றும் வான் ஓட்டுகிறவன். ஜப்பானில் ஓடிக் களைத்து வந்த பழைய வான். வாங்கிய அன்று அதன் முன்பெட்டியைத் துடைத்தபோது, மஞ்சள் துணியில் சுற்றிய கையளவு சாம்பல்நிற விளையாட்டுப் பெட்டி ஒன்று அகப்பட்டது. நாலு பற்றரி போட்டதும் மெல்லப் பாடி, ஜப்பான் எழுத்துக் காட்டியது.

"இந்தா, உனக்குத்தான். இந்தப் பாசையில நீயும் நானும் ஒரே வகுப்பு," என்றான்.

பெட்டியின் கண்ணாடிக்குள் வெளிச்சம் இல்லை. பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். அதனால் வேலை முடிந்த நாலு மணிக்கு, பூவரச நிழல் முடிகிற இடத்தில் அவள் குந்துவாள். எதிரே கடல் அசையாமல் கிடக்கும். கைக்குள் இன்னொரு கடற்கரை, ரெட்டைப் பின்னல் போட்ட எட்டு வயதுச் சிறுமி. அவளை வளர்த்தெடுப்பதுதான் விளையாட்டு. பெட்டிக்குள் ஒரு மாதம் ஓடியதும் மூன்று படம் வரும்: புத்தகம், வீடு கூட்டும் தும்புத்தடி, கட்டில். அன்ரனிட்டா முதலில் தும்புத்தடியையே அழுத்தினாள். வேலை செய்து செய்து பிள்ளை காய்ச்சலில் விழுந்தது. பிறகு புத்தகத்தை அழுத்தினாள்.

பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. நிறுத்தும்போது இருபது எழுத்தைக் காட்டும். மறுநாள் அதே இருபதைத் திருப்பிக் கொடுத்தால்தான் பிள்ளை விட்ட வயதில் வருவாள். அதை அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. பிள்ளையைத் தொலைத்துத் தொலைத்துத்தான் கண்டுபிடித்தாள். அந்த எழுத்துகளைப் பார்த்து ஒரு கொப்பித் தாளில் வரைந்தாள். ஒரு சுழி மாறினாலும் பிள்ளை வரவில்லை. ஒன்பது நாள் அழுதாள். பத்தாம் நாள் பின்னலாட வந்து நின்றது.

அந்த வருடம் றஜீபனுக்கு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கும்படி தங்கையைக் கேட்டான்.

"எனக்கு ஏலாது அண்ணை. கோவில் புத்தகத்தில ஒப்பம் வைக்கோணும். பெருவிரலை உருட்டவோ? அவள் வளந்து பார்ப்பாளெல்லே."

ஆசை முகத்தில் அப்படியே இருந்தது. அவன் மனைவி மேரிஜோசப்பின் கெஞ்சியும் பார்த்தாள். இவள் அசையவில்லை.

ஒருநாள் பூவரசடியில் அந்தக் கொப்பி றஜீபன் கையில் அகப்பட்டது.

"என்னடி உது, கோழி கிண்டினமாதிரி?"

"பிள்ளையைக் கூப்பிடுற எழுத்து. ஒண்டு பிழைச்சாலும் வராது."

அவன் விரல் வைத்து எண்ணினான். அறுபத்துமூன்று வரி, வரிக்கு இருபது.

"எத்தினை பிழை?"

"முதல் ஒன்பது வரியும் பிழை. மிச்சம் சரி."

"அப்ப ஜப்பான்காரருக்கு எழுதுவீர், எங்களுக்கு மட்டும் எழுதமாட்டீரோ, அம்மணி?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் அடுத்த வெறும் பக்கத்தில் ஆறு கட்டம் கீறி, கட்டத்துக்கு ஒன்றாக அவள் பெயரை எழுதினான்.

"இருபது இல்லை, ஆறுதான்."

"இதை எழுதினா ஆர் வருவினம்?"

"வேற ஆர்? நீதான்."

அன்றிலிருந்து நாலு மணிக்குப் பெட்டி பாடுமுன் ஆறு எழுத்து எழுதினாள். முதலில் ஓடப் பார்த்தன. கட்டத்துக்குள் பிள்ளையைப் பிடித்ததுபோல் பிடித்தாள். முப்பத்தெட்டாம் நாள் கட்டம் இல்லாமலே நின்றன. அன்றே ஞானத்தாயாக நிற்க ஒத்துக்கொண்டாள்.

ஞானஸ்நானத்தன்று உபதேசியார் பழக்கத்தில் கைநாட்டு மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

"பேனையைத் தாங்கோ," என்றாள்.

பாடகர் குழு ஒரு பாட்டு முழுக்கப் பாடி முடித்தது. கைக்குழந்தை அழுது ஓய்ந்தது. ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. றஜீபன் அவள் தோளுக்கு மேலால் எட்டி ஒவ்வோர் எழுத்தாக எண்ணினான். ஆறும் இருந்த இடத்தில் இருந்தன. பக்கத்தில் திகதி: 2024 ஓகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை.