நிற்க மறுத்த எஞ்சினும் வில்சனின் இன்லைன் பம்பும்

லாரி நின்றுவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. எனக்கும் டிரைவர் வில்சனுக்கும் நடுவே, தகர மூடிக்கு அடியில், அது அலறிக்கொண்டிருந்தது. டீசல் பம்ப் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1. எது நல்லா வலிக்கும்?

ஆரியசாலையில் ஒரு டீசல் பம்ப் கடையில் டெஸ்ட் பெஞ்ச் என் பொறுப்பு. நாகர்கோவிலில் ஐ.டி.ஐ. படித்தேன். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்ததும் இங்கே சேர்ந்தேன். லாரியிலிருந்து கழற்றிய பம்பைப் பெஞ்சில் பூட்டி ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று பார்த்துச் சரிசெய்வேன். லாரிக்காரர்கள் என்னைச் சரசக்கா என்பார்கள். மலையாளிகளுக்குச் சரசு சேச்சி.

வில்சன் மார்த்தாண்டத்துக்காரன். சொந்தமாக ஒரே ஒரு பழைய லாரி வைத்திருந்தான். ஹாலோபிரிக்ஸும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு விதுரைக்கு மேலே மலைப்பக்கம் போவான்.

"எக்கா, ஏத்தத்துல வண்டி வலிக்க மாட்டேங்கு, இழுவையே இல்ல. பின்னால வாற ஆட்டோக்காரன்கூட ஹாரன் அடிக்கான். இந்த ரோட்டரியக் களைஞ்சிட்டு இன்லைன் போட்டா பவர் கூடும்னு போன்ல வீடியோ பாத்தேன். செரிதானா?"

பாதி சரி என்றேன். ரோட்டரி பம்பில் டீசலைத் தள்ளும் தண்டு, அதாவது பிளஞ்சர், ஒன்றுதான். அதுவே எல்லாச் சிலிண்டருக்கும் மாற்றி மாற்றி டீசல் அனுப்பும். பம்ப் சின்னது, எடையும் குறைவு. ஆனால் உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு எண்ணெய். டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் உடனே தேய்ந்துவிடும். இன்லைனில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் தனித்தனியாக உண்டு. எஞ்சின் ஆயிலில் ஓடுவதால் நீண்ட நாள் உழைக்கும், டீசலையும் கூடுதலாகத் தள்ளும்.

"பின்னே என்ன, அதைப் போடுவோம்."

"டீசல் கூடும், வில்சா. காத்து கூடாதே. எரியாத டீசல் கரும்புகையா போகும். சூடு ஏறி பிஸ்டன் உருகிரும்."

அவன் கேட்கவில்லை. அவன் எஞ்சினில் இரண்டு வகைப் பம்பையும் பூட்டலாம் என்பதால், பழைய சாமான் கடையில் ஒரு இன்லைன் பம்பை வாங்கி வந்துவிட்டான். பிரித்துப் பார்த்தேன். நல்ல பம்ப். கம்பெனி அளவுக்குச் செட் செய்து, யாரும் திறக்காதபடி கவர்னர் மூடியில் கம்பி கட்டி ஈய சீல் அடித்தேன்.

கவர்னர் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பம்புக்குள் ராக் என்று ஒரு கம்பி உண்டு. அது முன்னே போனால் டீசல் கூடும், பின்னே வந்தால் குறையும். எஞ்சின் வேகம் எல்லை மீறும்போது ராக்கைப் பின்னே இழுத்துப் பிடிப்பது கவர்னர். அந்தப் பிடி விட்டுப்போனால், டீசல் எஞ்சின் தன் வேகத்துக்குத் தானே டீசல் வாங்கி, வெடிக்கும்வரை சுற்றும். சாவியைத் திருப்பினால் நிற்பதற்கு இது பெட்ரோல் வண்டி இல்லை.

"கொஞ்சம் கூட்டி வையுங்க எக்கா," என்று பம்பைத் திரும்ப வாங்கும்போதும் கெஞ்சினான்.

"மாட்டேன்" என்றேன்.

2. பஸ் ஸ்டாப்

சில வாரம் கழித்து வில்சன் போன் செய்தான். ஆக்சிலேட்டர் லேசாகச் சிக்குகிறது, வந்து பார்க்க வேண்டும் என்றான். பகலில் எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது. கரமனை ரோட்டில் எங்கள் முதலாளிக்கு ஒரு யார்டு உண்டு. பெரிய வண்டிகளை அங்கேதான் பார்ப்போம். வழி காட்டுவதற்காகப் பழவங்காடியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஞ்சின் மூடியை யார்டில் திறந்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

கிள்ளிப்பாலம் தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. வில்சன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். சத்தம் குறையவில்லை, ஏறியது. லாரி பஸ்ஸை நோக்கிப் பாய்ந்தது.

"எக்கா, காலை எடுத்தாச்சு! நிக்க மாட்டேங்கு!"

"கிளட்ச்ச சவிட்டி மிதி! பிரேக்! நியூட்ரல் ஆக்கு!"

செய்தான். பஸ்ஸின் பின்கண்ணாடி எங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். ஆனால் சுமை விட்டுப்போன எஞ்சின் கட்டவிழ்ந்துவிட்டது. தகர மூடி அதிர்ந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. கரும்புகை ரோட்டை மூடியது. வில்சன் டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்தான். மறுபடி இழுத்தான். கேபிள் அறுந்து அவன் கையோடு வந்தது.

அந்த மூடிக்குக் கீழே பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு எந்த நொடியும் எஞ்சின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம் என்பது எனக்குத் தெரியும். ஓடிவிடத்தான் முதலில் தோன்றியது. கதவைத் திறந்து குதித்தும்விட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஓடவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வண்டிக்கு நாலடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாள்.

"மாறி நில்லு! எஞ்சின் பொட்டும், வெடிக்கும்! எல்லாரும் மாறு!" என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டீசலை நிறுத்த வழியில்லை என்றால் காற்றை நிறுத்த வேண்டும். கேபினுக்குப் பின்னால் காற்றுக்குழாய் வாய் திறந்து நின்றது. மேல் தொப்பி எப்போதோ விழுந்திருந்தது. அதன்மேல் கையை வைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். துணியும் ஆகாது, விழுங்கிவிடும். என் இருக்கைக்குக் கீழே கிடந்த ரப்பர் மேட்டை உருவினேன். டயரில் கால் வைத்து ஏறி, மேட்டை இரண்டாக மடித்து அந்த வாயில் அறைந்து, முழங்கையால் அழுத்தினேன்.

மேட் உள்ளே குழிந்தது. என் கையும் சேர்ந்து போகிறது என்று நினைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அலறல் திணறலாக மாறியது. லாரி முழுவதையும் ஒரு உலுக்கு உலுக்கி எஞ்சின் செத்தது.

இறங்கினேன். ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வில்சன் ஸ்டீயரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிள்ளையோடு நின்ற பெண்தான் எனக்குத் தண்ணீர் தந்தாள். "எந்தா சேச்சி, பிரேக் போயோ?" என்று கேட்டாள்.

3. யார்டில்

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். முதலாளி பக்கத்தில் நிற்க, நான் மூடியைத் திறந்தேன். பம்பில் என் சீல் இல்லை. அந்த இடத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. கவர்னருக்குள், ராக்கோடு சேரும் இணைப்பு கழன்று தொங்கியது. அந்த இணைப்பின் ஊசி கழலாமல் பிடிக்கும் லாக்கைக் காணவில்லை.

"யாரு இதைத் தொறந்தது?" என்று முதலாளி கேட்டார்.

வில்சன் தலை குனிந்தான். "வழியில ஒரு ஆளு, ஸ்பிரிங்க முறுக்கி ஸ்குரூவக் கொஞ்சம் திருப்பினா மலை பறந்து ஏறும்னு சொன்னான். ரெண்டு டிரிப் நல்லாத்தான் ஏறிச்சு."

"அது தெரிஞ்சுதான் சரசுவ அதுல ஏத்தினியா?"

வில்சன் என் பக்கம் திரும்பி, "எக்கா, எனக்கு இப்படி ஆவும்னு தெரியாது," என்றான். அதற்குமேல் பேச முடியாமல் அழுதான். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் இன்னும் இறங்காமல் இருந்ததால் கோபத்துக்கு இடமில்லை.

அதன் பிறகு கொஞ்ச நாள் டெஸ்ட் பெஞ்சின் மோட்டார் வேகம் ஏறும்போதெல்லாம் என்னை அறியாமல் பின்னால் நகர்ந்துவிடுவேன். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். வில்சனின் பழைய ரோட்டரி பம்ப் மேசையில் கிடந்தது. ஒருநாள் அதைப் பிரித்தேன். தண்ணீர் கலந்த டீசலில் உள்ளே எல்லாம் தேய்ந்திருந்தது. டீசல் ஃபில்டர் மாற்றிப் பல காலம் ஆகியிருந்தது. வண்டி இழுக்காததற்குக் காரணம் அவ்வளவுதான். தேய்ந்துபோன பம்ப் ஹெட்டை மாற்றி, அளவு வைத்து, அதையே திரும்பப் பூட்டினோம். சுமையைக் குறைக்கவும் சொன்னேன்.

வில்சன் மலையில் போய் நின்றுகொண்டு போன் செய்தான். "ஏறியாச்சு எக்கா. மெல்லத்தான் ஏறிச்சு."

"மெல்லவே ஏறு," என்றேன்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். எந்தப் பம்ப் எவ்வளவு டீசல் தள்ளும் என்று ஒப்பிடுவது சுலபம். அந்த டீசலை எது நிறுத்தும் என்பதை முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். நீங்கள் அடித்த சீல் இல்லாத பம்பை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பம்ப் வேலை முடிந்து எஞ்சினை முதலில் ஸ்டார்ட் எடுக்கும்போது, காற்றுக்குழாயை மூட அதன் பக்கத்தில் தட்டையான இரும்புப் பிளேட்டோடு ஒரு ஆள் நிற்கட்டும். எங்கள் யார்டில் அந்த ஆள் நான்தான். சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும். எனக்கு இன்னும் பயம்தான். பிளேட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பயத்தோடுதான் "எடு" என்கிறேன்.