கூட்டல் குறிக்குக் கீழே பட்டு மூட்டை

எங்கள் தெரு டாக்டர் போன வாரம் மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார். சண்டை முடிந்துவிட்டது, இனி அந்தச் சிவப்புக் குறி எதற்கு என்று!

குறி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ரேடியோவில் சண்டைச் செய்தி வந்த அன்றே டாக்டர் மாடியேறி, ஆகாயத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி பெரிய சிவப்புக் கூட்டல் குறி போட்டார். கீழே அவருடைய டிஸ்பென்ஸரி. இந்தக் குறி இருக்கிற இடத்தில் குண்டு போடக்கூடாது, நோயாளிக்குப் போகிற மருந்தை மறிக்கக்கூடாது — ஜெனிவாவில் நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்ட சட்டமாம். சண்டையிலும் இப்படி ஒரு தர்மமா! அதை எழுதியவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று காமாட்சி சந்நிதியில் வேண்டிக்கொண்டேன்.

ஆனால் சட்டத்தை முழுசாகப் புரிந்துகொண்டவர் பட்டுக்கடை ஏகாம்பரம்தான். டிஸ்பென்ஸரி கட்டடம் அவருடையது. மறுநாளே அவர் கடைப் புடவை மூட்டைகள் கைவண்டியில் அங்கே வந்து இறங்கின. இங்கே நோயாளியும் மருந்தும்தான் இருக்கலாம், சரக்கை அடைத்தால் குறிக்கே மரியாதை போய்விடும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரரிடம் எவ்வளவு நேரம் சட்டம் பேச முடியும்? அவரைப் பார்த்து மற்றக் கடைக்காரர்களும் கொண்டுவந்து அடுக்கினார்கள். அத்தனை நாள் அம்பாள் கோபுரமே காக்கும் என்று நம்பினவர்கள்...

ஒரு மத்தியானம் என் மனைவிக்கு இழுப்பு வந்துவிட்டது. ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் இருந்தார். ஊசி இருந்தது. மருந்து இருந்த பீரோவைத்தான் காணோம் — டாக்டர் வெளியே போயிருந்த நேரத்தில் அதை மறைத்துக் கூரைவரை மூட்டை!

வாசல்படியில் அவள் மூச்சுக்குத் தவிக்கிறாள். உதடு நீலம் பூத்துவிட்டது. நானும் டாக்டரும் ரிக்‌ஷாக்காரரும் மூட்டைகளைப் பிடித்து இழுக்கிறோம். ஏகாம்பரம் ஓடி வந்தார். கை கொடுக்க வருகிறார் என்றே நினைத்தேன்.

"மெதுவா இழுங்கப்பா, சரிகை மடங்கிடப் போவுது" என்றார்.

ரிக்‌ஷாக்காரர் ஒரு மூட்டையைத் தூக்கி அவர் கையிலேயே வைத்தார். "இந்தா மொதலாளி, இடுப்புல வச்சிக்கினு நில்லு. அழுதா தட்டிக் கொடு."

ஊசி ஏறியது. மூச்சு திரும்பியது. அம்பாள் கைவிடவில்லை.

குண்டு போட வருகிறவனுக்குச் சட்டம் தெரியுமோ தெரியாதோ என்று அத்தனை நாள் பயந்தோம். அவன் எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. மருந்தை மறிக்க அவன்தான் வரவேண்டுமா என்ன?

போன வாரம், சுண்ணாம்பு வாளியோடு ஆள் மாடியேறுவதை ஏகாம்பரம் கீழேயிருந்து பார்த்துவிட்டார்.

"அழிச்சிடாதீங்க டாக்டர். இருக்கட்டும்... அடுத்த சண்டைக்கு ஆவும்."