வீட்டுக்கு ஒரு டம்ளர்

எங்கள் சங்கத்தில் யாரும் கை தூக்கியதில்லை. டீ குடிப்பார்கள்.

ராஜபாளையத்தில், மில் ஆட்களுக்கென்று தவணையில் விற்ற மூன்று மாடிக் குடியிருப்பு அது. எண்பதுகளின் கடைசியில் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தோம். தொட்டி பொது, படிக்கட்டு பொது, மொட்டை மாடி பொது, சண்டையும் பொது. நூற்பு மில்லில் மேஸ்திரியாக இருந்த அப்பாவைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செக்ரெட்டரி ஆக்கினார்கள்.

அவர் கண்ட வழி எளியது. ஞாயிறு சாயங்காலம் மோட்டார் ரூமுக்கு முன்னால் பாயை விரிப்பார். விஷயத்தைச் சொல்வார். எல்லாரும் பேசி ஓயும்வரை குறுக்கே வரமாட்டார். ஓய்ந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் தட்டில் டீ கொண்டுபோவேன். வீட்டுக்கு ஒரு டம்ளர். குடித்தால் சம்மதம். ஒரே ஒரு டம்ளர் மிச்சம் இருந்தாலும் பேச்சு அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும்.

"கையத் தூக்கச் சொன்னா மனுசன் பக்கத்துக் கையப் பாத்துத்தான் தூக்குவான்," என்பார் அம்மாவிடம். "டீ அப்படியில்ல. அவனவன் தொண்டையில அவனவன்தான் எறக்கணும்."

நன்றாகவே நடந்தது. மோட்டார் போடும் முறை, படிக்கட்டு பல்பு, மொட்டை மாடியில் யார் எப்போது வத்தல் காயப்போடுவது, எல்லாம் டீயில் முடிந்தது. பிறகு முணுமுணுத்தவர்களை, "டீ குடிச்சாச்சுல்ல, பொறவென்ன பேச்சு" என்று அடக்கினார்கள். டம்ளர் ஆண்களுக்குத்தான் போனது. வத்தல் காயப்போட்டவர்கள் பெண்கள்.

அப்போது நான் திருவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ் ஜன்னலில் கோபுரம் வளர்ந்து வரும், மாலையில் தேய்ந்துபோகும். என் வயது மட்டும் அந்த ஜன்னலில் ஏறிக்கொண்டே இருந்தது.

சோழபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வேன் முன்வாசலில் நின்றது. அந்த வாசலில்தான், இரண்டாம் மாடியில் இறந்துபோன ஒரு பெரியவருக்குப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் தரையில் கிடந்தன. மாப்பிள்ளையின் அம்மா ஒரு காலைக் கீழே வைத்தார். அந்தக் கால் மறுபடி வேனுக்குள் போனது.

"பொறவு வாரோம்."

அந்தப் பொறவு வரவேயில்லை. அடுப்படியில் கேசரி இறுகிப் பாளமாகக் கிடந்தது.

அப்பா அடுத்த ஞாயிறு பாயை விரித்தார். "இனிமே யார் வீட்டுச் சாவா இருந்தாலும் பாடையப் பின்வாசல்ல வச்சுக் கட்டுவோம். அந்த வழியாத்தான் தூக்கணும். வயசுப் பிள்ளைக இருக்கிற இடம்."

யாரும் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாடிக்காரர்தான் சிரித்தார். மில்லில் பஞ்சு உடைக்கிற ரூமில் வேலை பார்த்து, தூசெல்லாம் நெஞ்சில் தங்கிப்போனவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சைத் தேடி எடுத்துத்தான் படியேறுவார். "போறவனுக்கு முன்வாசல் என்ன, பின்வாசல் என்ன அண்ணாச்சி? எந்த வாசல்லயும் செருப்பு மாட்டப் போறதில்ல." எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் முதலில் டம்ளரைக் காலி செய்து கவிழ்த்து வைத்தார்.

பின்வாசலைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. செப்டிக் டேங்குக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து. சந்தில் ஒரு திருப்பம். குப்பைக் கூடை போகும், சைக்கிள் போகும். படுத்திருக்கிற ஒரு மனிதன் போவானா என்று யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் அந்த மூன்றாம் மாடிக்காரரே போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி ஈரப்படியில் இறங்கி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, அவிய மூச்சு முட்டியே செத்தாவ. திரும்பவும் அந்தச் சந்துல போட்டு அடைக்க வேண்டாம். முன்வாசல் வழியா வெளிச்சமாப் போகட்டும்."

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். "தாயி, அவரு டீ குடிச்சுட்டுத்தான போனாரு."

"நான் குடிக்கலையே."

"வீட்டுக்கு ஒரு டம்ளர்தான தாயி." அன்று பூட்டிவைத்திருந்த முன்வாசலுக்கு அப்பா சாவி கொடுக்கவில்லை. ஒருவருக்குத் திறந்தால் விதி செத்துவிடும் என்று நம்பினார்.

திருப்பத்தில் பாடை திரும்பவில்லை. தூக்கியவர்கள் முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்கள். பிறகு தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள், இன்னும் உயர்த்தினார்கள். அவர் எழுந்து நின்றுவிட்டார். கயிறும் மாலையுமாக, படிக்கட்டுத் திருப்பத்தில் மூச்சுக்காக நிற்பாரே, அப்படியே நின்றார். நெற்றி சிமெண்டில் உரசியது.

"சுவத்துல இடிக்குதுய்யா," என்று பின்னாலிருந்து அந்த அம்மாள் சொன்னார். அழவில்லை. "பாத்துக் கொண்டுபோங்கய்யா, இடிக்குது."

அதன்பிறகு மூன்றாம் மாடி வீட்டுக்கான டம்ளர் அவருக்கு வந்தது. கூட்டத்துக்கு வந்து பாயில் உட்காராமல் ஓரமாக நிற்பார். தண்ணீர் என்றால் குடிப்பார், பல்பு என்றால் குடிப்பார். அப்பாவோடு பேசமாட்டார். சந்தை அகலமாக்கலாம் என்று அப்பா ஒரு ஞாயிறு பேச்செடுத்தார். மதில் பக்கத்து நிலத்துக்காரருடையது. அவர் இடிக்க ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா சில நாள் காலையில் அந்தத் திருப்பத்தில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார். மேற்கே மலைமேல் மழைமேகம் வந்து உட்கார்ந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, மோட்டார் சுவிட்சைப் போடப் போன அப்பா அங்கேயே சாய்ந்தார்.

வீடு நிறைந்தது. சங்கத்து ஆட்கள் மோட்டார் ரூமுக்கு முன்னால் கூடினார்கள். பாய் விரிக்க ஆளில்லை, நின்றுகொண்டே பேசினார்கள்.

"செக்ரெட்டரியப் போயி அந்தச் சந்துலயா தூக்குறது?"

"இம்புட்டு செஞ்ச மனுசன். இன்னைக்கு ஒரு நாள் முன்வாசலத் தெறப்போம்."

எங்கள் அடுப்பு எரியவில்லை. கடையிலிருந்து தூக்குவாளியில் டீ வந்தது. டம்ளர்கள் எங்களுடையவை. யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள். எல்லாரும் குடித்தார்கள். மூன்றாம் மாடி அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கான டம்ளர் பக்கத்துப் படியில் இருந்தது.

"குடிங்க மதினி, ஆறுது."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுக்கவும் இல்லை. டீயின்மேல் ஏடு படிந்தது.

அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா வாசல் வழியே அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு சொன்னாள்: "பின்வாசல்லயே கட்டுங்க."

"ஒத்த டம்ளருக்காகவா அக்கா?"

"ஒண்ணு மிச்சம் இருக்குல்ல. அவிய அப்படித்தான நடத்துனாவ."

சந்தில் அப்பாவை நிமிர்த்தினார்கள். செக்ரெட்டரி கடைசியாக எழுந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் முன்னால் போயிருந்தார். அப்பாவின் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"மெதுவாய்யா," என்றார். "இங்கதான் இடிக்கும்."

பாடை திரும்பியது. அவர் புறங்கையில் தோல் உரிந்து சிமெண்டுத் தூள் ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், படியேறிப் போனார். அந்த டம்ளரைத் தாண்டித்தான் போனார்.

அடுத்த ஞாயிறு யாரும் பாய் விரிக்கவில்லை. மோட்டாரை யார் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் தொட்டி காலியாகக் கிடந்தது. காற்று அதன் வாயில் ஊதிக்கொண்டிருந்தது.