மைக்கில் சொன்ன பெயர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பேர்த்தி திரும்பி வந்ததை நீங்கள் அறிவீர்கள். அவள் ஏன் போனாள் என்பதை நான் இதுவரை சொல்லவில்லை. கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமானால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளுடைய தகப்பன் குடும்பத்தை விட்டுப் போனவர். தாய், என் மகள், குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளையும் நானும்தான் வீட்டில். தாய் போன பிறகு பிள்ளை மாறிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அறையைப் பூட்டிக்கொள்வாள். நான் கதவுக்கு வெளியே நின்று, "படிச்சியா?" என்று கேட்பேன். நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். எனக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கடந்த வருடம் மாரி மழை தொடங்கிய நேரம், எங்கள் ஊர் உட்துறைமுகப் பக்கம் ஓர் இளைஞனுடைய மோட்டார் சைக்கிளில் அவளைக் கண்டேன். படகுகளுக்கு டீசல் ஏற்றும் வேலை என்று சொல்லிக்கொள்கிறவன். விசாரித்தேன். ஐஸ் என்கிற போதைப்பொருள் விற்கிறவன், ஒருவரைக் கத்தியால் வெட்டிச் சிறையில் மறியல் இருந்து வந்தவன் என்றார்கள்.

"அவன் ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம், தெரியும். அவரே சொன்னவர்."

"தெரிஞ்சும் ஏன் போறாய்?"

"என்னைக் கண்டா அவர் முதல்ல சாப்பிட்டியா எண்டுதான் கேட்பார், அம்மப்பா."

அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. கோபம்தான் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விண்ணப்பங்களைக் கேட்டபோது நான் மைக்கை வாங்கினேன். பெண்கள் பக்கத்தில் அவள் பாயில் இருந்தாள். வற்புறுத்தி அழைத்து வந்ததும் நான்தான். அவள் பெயரைச் சொன்னேன். அவன் பெயரையும் சொன்னேன். "போதை விற்கிறவனின் கையிலிருந்து இந்தப் பிள்ளையை விடுவிக்க ஜெபியுங்கள்" என்றேன். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டித்தால் பிள்ளை திருந்தும் என்று நம்பிய அதிபர் எனக்குள் இன்னும் இருந்தார். அன்று நான் கர்த்தரோடு பேசவில்லை. அவரைச் சாக்காக வைத்து அவளைக் கண்டித்தேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். வாசலில் செருப்பைக்கூடத் தேடாமல் வெறுங்காலோடு போனாள். ஒரு சகோதரி என்னிடம் வந்து, "ஐயா, வெக்கம் பாக்காமச் சொன்னீங்கள். கர்த்தர் கட்டாயம் கேட்பார்" என்றார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவள் இல்லை. அவளுடைய பையும் உடுப்புகளும் இல்லை. தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். குவைத்துக்குச் சொன்னபோது மகள் என்னை ஏசவில்லை. "அப்பா, உங்களை நம்பித்தானே அவளை விட்டனான்" என்று மட்டும் சொன்னாள்.

நாட்கள் போயின. ஒரு தகவலும் இல்லை. சபையில் நீளமாக ஜெபித்துப் பழகிய எனக்கு வார்த்தை வரவில்லை. ஒரு மத்தியானம் குசினியில் சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அவளுடைய கோப்பை கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தது. அப்போதுதான் அவள் சொன்ன பதில் எனக்கு விளங்கியது. "ஆண்டவரே, அவள் எங்கே இருந்தாலும், சாப்பிட்டாயா என்று யாராவது அவளைக் கேட்கட்டும்" என்றேன். அதற்கு மேல் அழத்தான் முடிந்தது.

மறுநாள் காலை தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண்.

"வாப்பா, நான் மூதூர்ல இருந்து பேசுறன். உங்கட புள்ள எங்கட ஊட்டுலதான் இரிக்கி. ஏசமாட்டன் எண்டு முதல்ல சொல்லுங்க. அதுக்குப் பொறகுதான் போனக் குடுப்பன்."

"ஏசமாட்டன், அம்மா."

"சத்தியமா?"

"வேதத்தில சொன்னபடி நாங்கள் சத்தியம் பண்ணுறதில்லை. ஆனா ஏசமாட்டன்."

"நல்ல ஆளுதான் நீங்க! சரி, அழுறது கேக்குது. அது போதும்."

வீட்டில் இடியப்பம் அவித்து விற்கிற ஒரு முஸ்லிம் தாய் அவர். முந்தின நாள் பின்னேரம் மூதூர் பஸ் தரிப்பிடத்தில், வீங்கிய கையோடு தனியே இருந்த பிள்ளையைக் கண்டிருக்கிறார். ஊர், பெயர் எதையும் விசாரிக்கவில்லை. "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டிருக்கிறார். என் இலக்கத்தைப் பிறகு அவளே கொடுத்திருக்கிறாள். அவர் அப்படிக் கேட்டது, நான் சோற்றுக்கு முன்னால் அழுத அதே நாள்.

பஸ்ஸில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அந்தத் தாய் இடியப்பத்தைச் சொதியில் குழைத்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த இளைஞன் அவளை மூதூரில் ஒரு வீட்டில் வைத்திருந்திருக்கிறான். பள்ளிக்கூடப் பையில் ஒரு பொதியைக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறான். மறுத்ததற்கு மணிக்கட்டை முறித்திருக்கிறான். அவன் வெளியே போன நேரம் பார்த்து அவள் தப்பி ஓடியிருக்கிறாள். இன்றைக்கும் அவளால் பேனையை நெடுநேரம் பிடிக்க முடியாது. அந்த வருடப் பரீட்சையை அவள் எழுதவில்லை. அவன் இப்போது சிறையில், விளக்கமறியலில் இருக்கிறான். அவனுக்காக ஜெபிக்க நான் இன்னும் கஷ்டப்படுகிறேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

"நீங்கள் மைக்கில சொன்னது பொய்யில்லை, அம்மப்பா. ஆனா கடவுளிட்டச் சொல்ல முதல் என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"பிழை என்னிலதான்" என்றேன்.

இப்போது காலையும் பின்னேரமும் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறேன். சில நாட்களில் "ஓம்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சபை வரை வருகிறாள். உள்ளே வருவதில்லை. ஆராதனை முடியும் வரை வெளி மதிலில் இருக்கிறாள். நான் கூப்பிடுவதில்லை. காத்திருக்க என்னையும் கர்த்தர் பழக்குகிறார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையின் பெயரைச் சபையில் சொல்லுமுன் அதன் பக்கத்தில் போய் இருங்கள். நீங்கள் தனியே அழுது சொல்வதும் அவருக்குக் கேட்கும். நீங்கள் அறியாத ஊரில், நீங்கள் அறியாத ஒருவரைக் கொண்டும் அவர் பதில் தருவார். அவரை நம்புங்கள்.

இதை எழுதி முடித்துவிட்டு அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். "எல்லாம் போடுங்கோ. என்ட பெயரை மட்டும் போடாதேங்கோ" என்றாள்.

போடவில்லை. பெயர் இல்லாமலே அவளுக்காக ஜெபியுங்கள்.