ஏழு நாள் அடைத்த வடிகால்

தோணா பச்சையாகிப் போனது எண்பதிலோ எண்பத்தொன்றிலோ நடந்தது. வயல்களின் கழிவு நீர் கடலுக்குப் போகுமுன் தங்கி நிற்கும் அந்த நீர்நிலையில்தான் என் கணவர் வீச்சுவலை எறிந்தார். அந்த வருடம் சிறுபோகத்தில், அந்தக் கோடைச் சாகுபடியில், பாசி தடித்து நாறியது. ஒரு காலையில் மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. அவர் வெறும் வலையோடு திரும்பினார்.

வெயில்தான் காரணம் என்றார்கள். நான் நம்பவில்லை. தோணாவை ஒட்டிய கடைசி வயல் என்னுடையது, உம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த இரண்டு ஏக்கர். மேல்வயல்காரர்கள் யூரியாப் பசளை எறிந்த மூன்றாம் நாளே வடிகாலைத் திறப்பதையும், ஒரு கிழமைக்குள் தண்ணீர் நிறம் மாறுவதையும் இரண்டு போகமாகப் பார்த்திருந்தேன்.

அடுத்த விதைப்புக்கு முந்திய விவசாயிகள் கூட்டத்துக்குப் போனேன். அங்கே பெண் என்று நான் மட்டும்தான். வாய்க்கால்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை முகம் சுளித்தார்.

“பொம்புளைகள் கதைக்கிற இடமா இது? உங்கட மனுசன வரச் செல்லுங்க.”

“காணி அவர்ர பேர்ல இல்ல, என்ட பேர்ல இரிக்கு. நான்தான் கதைக்கணும்.”

கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். நான் சொன்னேன்: “ஏக்கருக்கு இவ்வளவு பசளைதான் என்டு ஒரு அளவு வைங்க. எறிஞ்சா ஏழு நாளைக்கு வடிகாலத் திறக்க வேணாம், பசளையப் பயிர் குடிச்சிரும்.”

சிரித்தார்கள். “மீனுக்காக நாங்க விளைச்சலக் குறைக்கவா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். தீர்மானம் எதுவும் இல்லாமல் கூட்டம் கலைந்தது.

சரி என்று வந்துவிட்டேன். மேல்வயல்களில் பசளை எறிந்த அன்று, என் காணிக்குள் ஓடும் வடிகாலை மண்ணும் வைக்கோலும் போட்டு நானே அடைத்தேன். மூன்றாம் நாள் வட்டவிதானை மண்வெட்டியோடு வந்தார். நான் அணையின் மேல் நின்றேன்.

“விலகுங்க. அவங்கட பயிர் தண்ணிக்குள்ள நிக்குது.”

“மிஞ்சின தண்ணி என்ட வயலுக்குள்ள பாயட்டும். ஏழு நாள் முடிஞ்சா நானே வெட்டி விடுவன்.”

“உங்கட நெல்லு சாஞ்சிரும், புள்ள.”

“ஓம். சாயட்டும்.”

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எட்டாம் நாள் காலையில் நான் அணையை வெட்டினேன்.

அவர் சொன்னது போலவே ஆயிற்று. ஊரார் பசளையெல்லாம் குடித்து என் பயிர் ஆளுயரம் வளர்ந்து, கதிர் முற்றுமுன் சாய்ந்தது. பாதி நெல்கூட வீடு வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் யார் முன்னும் அழவில்லை. தோணாவில் பாசி அங்கங்கே கண்டதே தவிர, அந்தப் போகம் மீன் சாகவில்லை.

அடுத்த கூட்டத்தைப் பற்றி எனக்கு யாரும் அறிவிக்கவில்லை. நான் போனேன். மீன் சாகாததையும் தங்கள் விளைச்சல் குறையாததையும் பார்த்திருந்ததால், ஏழு நாள் விதியை எழுத அவர்கள் சம்மதித்தார்கள். வட்டவிதானையே அதை வாசித்தார். பசளைக்கு அளவு வைக்க மட்டும் மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு போகமும் எழுந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.