மதினியின் வேம்பும் என் வயிற்றெரிச்சலும்

எனக்குப் பொறாமை கிடையாது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு வேன் வந்து அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் புஞ்சைக் காடு இருக்கிறது. மழையை நம்பிய மிளகாய் வெள்ளாமை. வரப்புக்கு அந்தப் பக்கம் செல்வி மதினியின் இரண்டு ஏக்கர். பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் சவுதியில் இருப்பதால் விவசாயம் முழுக்க மதினிதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே ஜேசிபியை வைத்துத்தான் சீமைக் கருவேலத்தைத் தூரோடு பிடுங்கினோம். நான் முழுக்க மிளகாய் போட்டேன். மதினி மிளகாய்க்கு நடுவே நாவல், முருங்கை என்று வரிசை வைத்தார். வரப்போரம் வேம்பு. ஆடு கடிக்காமல் முள் கட்டினார். இரண்டு கோடை ஊருணியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்.

ஊரில் முதலில் சிரித்தது நான்தான்.

இந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. என் செடிகள் துவண்டு கிடந்தன. மதினி காட்டில் மர நிழலில் மிளகாய் இன்னும் பழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அந்த வேன் வந்தது... கமுதிப் பக்கத்து விவசாயிகள் இருபது பேர், கூடவே ஒரு அதிகாரி.

"இவரு எங்க கொழுந்தனாரு. பத்திரிகைல எழுதுறாக" என்று மதினி என்னைப் பெருமையாகத்தான் அறிமுகப்படுத்தினார்.

"அப்ப நீங்க ஏன் சார் மரம் வைக்கல?" என்றார் அதிகாரி.

இருபது பேரும் என் காட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவங்க வேம்பு நிழல் விழுந்துதான் சார் என் செடி பாழாப் போகுது" என்றேன். அந்த நிழலில் என் செடி எப்படி இருக்கிறது என்று அதுவரை ஒரு நாளாவது போய்ப் பார்த்திருப்பேனா? இல்லை.

மறுநாள் காலையில் என் பக்கம் நீண்டிருந்த கிளைகளை மதினியே வெட்டிப் போட்டிருந்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே வெட்டியிருப்பேனே தம்பி... அத்தனை பேரு முன்னாலயா சொல்லணும்?"

நான் வரப்போரம் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

மூன்று நாள் கழித்து, மிளகாய்ப் பழம் பறிக்க வந்த மூக்கம்மா கூப்பிட்டார். "அண்ணே, இங்கன வந்து பாருங்க."

வரப்போர வரிசை தலை தொங்கிக் கிடந்தது.

"காடு பூரா காஞ்சப்பவும் இந்த ஒரு வரிசைதான் பச்சையா நின்னுச்சு. மேல நெழலு இருந்துச்சு. இப்ப இதுவும் போச்சு."

நேரே மதினியிடம் போனேன். வெட்டிய வேப்பங்குழையை ஆடுகளுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பாச் சொல்லிட்டேன் மதினி. பொறாமை."

"தெரியும்" என்றார், கட்டுவதை நிறுத்தாமலே. "வேம்பு திரும்பத் தழைச்சிரும். உங்க செடிதான் பாவம்." குழையைக் கட்டி முடித்துவிட்டு, "மழைக்கு முன்னால குழி வெட்டி வைங்க. மரக்கன்னு நான் தாரேன்" என்றார்.

நேற்று வரை ஏழு குழி வெட்டியிருக்கிறேன். மதினி வந்து பார்த்தார். "ஆழம் பத்தாது" என்றார்.

உண்மைதான். அதற்கும் வயிறு எரிந்தது — அந்தச் சூட்டிலேயே இன்னும் ஒரு முழம் தோண்டிவிட்டேன்.